வருவீங்களா என்று கேட்டவள்

பனிச்சங்கேணியில் விசேஷம் நடத்துவதைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படித்துவிட்டு வந்த முதல் ஆள் கஜானிதான். அதற்கு முன்பு அந்த ஊரில் கலியாணம், காதுகுத்து, புது வீட்டுக் குடிபூரல் எல்லாமே சத்தத்தால்தான் நடந்தன. யார் கூடுதலாகச் சத்தம் போடுகிறாரோ அவர் சொன்ன இடத்தில் பந்தல் போடுவார்கள். அவர் சொன்ன நேரத்தில் உலை வைப்பார்கள். இரண்டு பேர் சரிசமமாகச் சத்தம் போட்டுவிட்டால் இரண்டு பந்தல். இப்படியே காலம் ஓடியது, ஒரு விசேஷமும் நின்றுபோனதாக யாருக்கும் நினைவில்லை. அப்படிப்பட்ட ஊரில்தான் நல்லரத்தினத்தின் மகள், பத்தொன்பது வயதில், கழுத்தில் பேனாவைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு நீலப் பைல் ஒன்றோடு வந்து நின்றாள்.

ஆசைப்பட்டு எடுத்த பாடமல்ல. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் காலை வாரிவிட்டது. வீட்டில் மூன்று நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நாலாம் நாள் வாழைச்சேனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து தகவல் வந்தது. பரீட்சை எப்படிப் போயிருந்தாலும் பதின்மூன்று வருஷமும் படிக்கலாம், உயர்தரத்தில் தொழிற்பிரிவு என்று ஒன்று இருக்கிறது, ஒரு வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் வேலைத்தளத்தில் பயிற்சி, கடைசியில் தொழில் தகைமைச் சான்றிதழ். கஜானி ஓடிப் போய்ச் சேர்ந்தாள். ஓடியும் பிந்திவிட்டாள். அலுமினிய வேலை நிரம்பிவிட்டது, வாகனத் திருத்தம் நிரம்பிவிட்டது, ஆடை வடிவமைப்பில் இடமே இல்லை. பொறுப்பாசிரியை அஸீமா ரீச்சர் பட்டியலின் அடியில் விரலை வைத்தார்.

"நிகழ்வு முகாமைத்துவம் இருக்கு. இதுவரைக்கும் மூணு பேர்தான். நீ வந்தா நாலு."

வீட்டுக்கு வந்து சொன்னபோது நல்லரத்தினம் வாவியில் இழுத்த இறால் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"முகாமைத்துவம் எண்டா?"

"விசேஷம் நடத்துறதப்பா."

"அதுக்கு என்னத்துக்குப் புள்ள ரெண்டு வருஷம்? ரெண்டு அண்டா காணுமே."

ஆனாலும் மனிதர் வெளியில் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மகள் உயர்தரம், ஏ.எல். படிக்கிறாள் என்றார். எந்தப் பிரிவு என்று மேலே கேட்டவர்களுக்குப் "பெரிய பிரிவு" என்று சொல்லி வலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் வருஷப் பயிற்சிக்கு அவளைப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் கஜானிக்குக் கண் திறந்தது. ஒரு வெள்ளைக்காரச் சோடி கடற்கரையில் கலியாணம் செய்தது. பதினொரு பேர் வருவதாகச் சொன்னார்கள், பதினொரு பேர் வந்தார்கள், பதினொரு பேர் சாப்பிட்டார்கள், பதினொரு கதிரையும் நிரம்பின. பன்னிரண்டாவது ஆள் ஒருவர்கூட வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் ஒரு கலியாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று முடிந்த பிறகும் யாருக்கும் தெரியாது, இங்கே வருவதற்கு முன்பே தெரிகிறது! இது எப்படி என்று முகாமையாளரிடம் கேட்டாள். வருவீர்களா, எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வதுதான் என்றார் அவர். கஜானி அதைப் பைலில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடு இட்டாள். அந்தச் சிவப்பு மைதான் பின்னால் அவளைப் படாத பாடு படுத்தியது.

பயிற்சி முடிவில் ஒரு சோதனை. நூறு பேருக்குக் குறையாத ஒரு நிகழ்வை மாணவி தானே திட்டமிட்டு நடத்த வேண்டும். மட்டக்களப்பிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து பக்கத்தில் இருந்து பார்ப்பார். ஏழு பகுதி, ஏழிலும் "தகைமை உண்டு" என்று அவர் எழுத வேண்டும். ஒன்றில் "இன்னும் இல்லை" என்று விழுந்தாலும் சான்றிதழ் இல்லை. மாத முடிவுக்குள் சான்றிதழோடு வந்தால் விருந்து மண்டபத்தில் நிரந்தர வேலை என்று ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள். தவறினால் அடுத்த தொகுதியோடு சேர்ந்து ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், அந்த வேலையும் காத்திருக்காது. கணிதத்தில் ஒருமுறை விழுந்து எழும்பியவளுக்கு இரண்டாம் தடவை விழ மனமில்லை. ராப்பகலாக அதே நினைப்பாகத் திரிந்தாள்.

அப்போதுதான் இரத்தினம்மா மாமியின் புது வீடு முடிந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி மகளுக்குக் கொடுப்பதற்கென்றே கட்டிய கல்வீடு, பாலத்துக்கு இந்தப் பக்கம், வாவியைப் பார்த்த வாசல். கஜானி பைலோடு போய் நின்றாள்.

"மாமி, ஒங்கட குடிபூரல நான் நடத்தித் தாறன். பந்தல், சாப்பாடு, ஆக்களுக்குச் சொல்லுறது எல்லாம் எண்ட பொறுப்பு. நீங்க சீலைய உடுத்திக்கொண்டு இருந்தாக் காணும்."

இரத்தினம்மா அறுபது வயதுப் பெண். குரல் வாவிக்கு அக்கரையிலும் கேட்கும், முழங்கால் மட்டும் சொன்னபடி கேட்காது. விசேஷத்துக்கு ஊர் முழுக்க நடந்து, வட்டாவில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, வீடு வீடாகச் சொல்ல வேண்டுமே என்று ஒரு மாதமாக முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தவர்.

"ஆக்களுக்குச் சொல்லுறதும் நீதானா?"

"அதுவும் நான்தான் மாமி."

"அப்ப சரிகா. நடத்து."

கஜானி தொண்ணூற்றாறு வீட்டின் போன் இலக்கங்களைத் தேடி எடுத்தாள். அழகான அழைப்பிதழ் ஒன்று செய்து எல்லாருக்கும் போனில் அனுப்பினாள். பிறகு ஹோட்டலில் பழகிய அதே குரலில் ஒவ்வொருவராக அழைத்தாள். முதல் அழைப்பு இரத்தினம்மாவின் மூத்த அண்ணன் அருமைநாயகத்துக்கு. கஜானிக்குப் பெரியப்பா முறை.

"வணக்கம். இரத்தினம்மா குடும்பத்தினரின் புதுமனைப் புகுவிழா தொடர்பாகப் பேசுகிறேன். உங்கள் வருகையை உறுதிப்படுத்த முடியுமா?"

"ஆர் இது? பேங்கா?"

"நான் கஜானி, பெரியப்பா. குடிபூரலுக்கு வருவீங்களா எண்டு கேக்கன்."

அருமைநாயகம் மெதுவாகக் கேட்டார்.

"எண்ட தங்கச்சிட வீட்டுக்கு நான் வருவனா எண்டு நீ கேக்கிறாய்?"

"ஓம் பெரியப்பா. எத்தன பேர்?"

போன் வைக்கப்பட்டது. கஜானி பைலில் அவர் பெயருக்கு நேரே "0" என்று எழுதினாள். இலக்கம் மட்டும் மிக நேர்த்தியாக இருந்தது.

மற்ற வீடுகளும் அப்படித்தான். சிலர் "பாப்பம்" என்றார்கள். சிலர் "இருந்தாப் பாப்பம்" என்றார்கள். ஒரு பெண் "ஏன் புள்ள, அரிசி முட்டுப்பாடா?" என்று அக்கறையாக விசாரித்தார். கதிரையும் ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கொடுக்கும் சதீசன், "நான் கதிரையோட வருவன், மற்றது தெரியா" என்றான். கடைசியில் உறுதிசெய்தவர்கள் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தெட்டுப் பேர் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள், அவர்களுக்கும் பிரியாணி என்ற நினைப்பு. நூறு பேருக்குக் குறைந்தால் மதிப்பீட்டாளர் பைலைத் திறக்கவே மாட்டார். ஹோட்டலில் பதில் வராவிட்டால் இரண்டாம் முறை நினைவூட்டுவார்கள் என்பது ஞாபகம் வந்தது. எனவே தொண்ணூற்றாறு வீட்டுக்கும் இரண்டாம் முறையும் அழைத்து, வருவீங்களா என்று கேட்டாள்.

அதோடு விஷயம் முடிந்தது. ஒருமுறை கேட்டால் பிள்ளை தெரியாமல் கேட்கிறாள் என்று விடலாம். இரண்டு முறை கேட்டால் என்ன அர்த்தம்? சொந்தத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில் வருவது, வராமல் விடுவது என்று இரண்டு வழி இருப்பதாகவே அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை. வந்து கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டால் போகாமல் இருப்பது, அவ்வளவுதான். அன்று பின்னேரமே குழாயடியிலும் கடை வாசலிலும் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. இரத்தினம்மா தலை எண்ணுகிறாள். கல்வீடு கட்டியதும் கண் மேலே போய்விட்டது. வரவேண்டாம் என்பதை வாயால் சொல்லக் கூசி, பிள்ளையை விட்டு இரண்டு தரம் கேட்க வைக்கிறாள்.

இதொன்றும் கஜானிக்குத் தெரியாது. நல்லரத்தினம் தோணியோடு வாகரைப் பக்கம் போய் நாலு நாள் கழித்துக் குடிபூரலுக்கு முதல் நாள்தான் வந்தார். இரத்தினம்மாவோ புது வீட்டுக்குச் சாம்பிராணி போடுவதில் மூழ்கியிருந்தார். சொல்ல வேண்டியவர்கள் கோபத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

குடிபூரல் நாள் விடிந்தது. ஐயர் வந்து பால் காய்ச்சி, வீட்டாரோடு பூசையை முடித்துக்கொண்டு போனார். பத்தே முக்காலுக்கு மதிப்பீட்டாளர் ஜெயரூபன் சேர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அட்டையில் மாட்டிய தாளும் பேனாவுமாகப் பந்தலின் மூலையில் ஒரு கதிரையில் அமர்ந்தார். கஜானியின் திட்டத்தில் "11.00, விருந்தினர் வரவேற்பு" என்று இருந்தது. பதினொரு மணிக்குச் சந்தனம் இருந்தது, பன்னீர் இருந்தது, கற்கண்டு இருந்தது, வரிசையாக நூறு கதிரை இருந்தது. விருந்தினர் என்று பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர். அவர்களும் சைவச் சாப்பாடு என்று அறிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினொன்றேகாலுக்கு ஒரு காகம் வந்து முன்வரிசையில் அமர்ந்தது. ஜெயரூபன் சேர் தாளில் எதையோ எழுதினார். காகத்தையும் கணக்கில் சேர்த்தாரோ தெரியாது. கஜானி வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற தகப்பனிடம் ஓடினாள்.

"அப்பா, ஏனப்பா ஒருத்தரும் வரல்ல?"

"நீ கூப்பிட்டதானே?"

"ரெண்டு தரம் போன் எடுத்துக் கேட்டன்."

"கேட்டதச் சொல்லல்ல புள்ள. கூப்பிட்டதா? வட்டா வெச்சு, வீட்ட போய், வாங்க எண்டு சொன்னதா?"

"நீங்க நேத்தே வந்திட்டீங்களே. ஏன் சொல்லல்ல?"

"நீ படிச்ச புள்ள. இது ஏதோ புது முறையாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் நல்லரத்தினம். அவர் முகத்தில் உண்மையான மரியாதை இருந்தது. அதுதான் அவளுக்குக் கூடுதலாக வலித்தது.

உள்ளே இருந்து இரத்தினம்மா பட்டுச் சீலை சரசரக்க வந்தார். கதிரைகளைப் பார்த்தார். காகத்தைப் பார்த்தார். கஜானி அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னாள். போன் செய்ததைச் சொன்னாள், பெரியப்பாவைக் கேட்டதைச் சொன்னாள், பூச்சியம் போட்டதை மட்டும் சொல்லாமல் விட்டாள். நல்ல பேச்சு வாங்கப் போகிறோம் என்று தலையைக் குனிந்து நின்றாள். ஆனால் இரத்தினம்மாவுக்குத் திட்ட நேரமில்லை.

"எண்ட அண்ணன வருவியா எண்டு கேட்ட நீ? அந்த மனிசன் இன்னும் உசிரோட இருக்கிறதே பெரிசு. வட்டாவ எடு. ஊரக் கூப்பிடாம இந்த வீட்டுக்குள்ள நான் ஒரு நேரச் சோறும் தின்னமாட்டன்."

"மாமி, முழங்கால்..."

"முழங்காலும் நானும் பிறகு பேசிக்கொள்ளுறம்."

சதீசனின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கதிரை இறக்கிய கையோடு வாசலில் நின்றது. அதன் பெட்டியில் வாடகைக் கதிரை ஒன்றைத் தூக்கி வைத்து, கதிரையில் இரத்தினம்மாவை ஏற்றினார்கள். மடியில் வெற்றிலை வட்டா. கஜானி பின்னால் நின்று கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சதீசன் இயந்திரத்தை உதைத்துக் கிளப்பினான். பட்டுச் சீலையும் பூவுமாக, டபடபவென்ற சத்தத்தோடு, இரத்தினம்மா அம்மன் ஊர்வலம் போவதுபோல் தெருவில் இறங்கினார்.

முதல் வீடு அருமைநாயகத்தினது. படலையைத் திறந்ததும் கஜானி திகைத்துப்போனாள். அருமைநாயகம் பட்டு வேட்டி, பட்டுச் சால்வை, நெற்றியில் சந்தனம், கையில் தங்க மணிக்கூடு எல்லாம் அணிந்து முற்றத்துக் கதிரையில் அமர்ந்திருந்தார். மனைவி கூறைச் சீலை உடுத்துப் பூ வைத்திருந்தார். பேரப்பிள்ளைகள் மூன்றும் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, உடுப்பு கசங்கிவிடுமென்று மர வாங்கில் அசையாமல் இருந்தன. குசினிப் பக்கம் புகையே இல்லை. காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை.

"என்ன இந்தப் பக்கம்?" என்றார் அருமைநாயகம், ஒன்றுமே தெரியாதவர் போல.

"அண்ணன், குடிபூரல். மச்சாளையும் புள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க." இரத்தினம்மா வட்டாவை நீட்டினார்.

"ஓ. ஆரோ போன்ல கேட்டாப்போல இருந்திச்சு. பேங்க் எண்டு நினைச்சன்."

இரத்தினம்மா கஜானியைப் பார்த்தார். கஜானி முன்னால் வந்தாள். ஹோட்டலில் பழகிய குரல் எங்கோ போய்விட்டது.

"தெரியாமச் செஞ்சிட்டன் பெரியப்பா. வாங்க."

அருமைநாயகம் ஒரு வெற்றிலையை எடுத்தார். அவர் காலில் செருப்பு முன்பே மாட்டியிருந்ததை அப்போதுதான் கஜானி கவனித்தாள்.

அடுத்த வீடும் அப்படியே. அதற்கடுத்த வீடும் அப்படியே. ஊர் முழுக்க உடுத்துப் பூ வைத்து, சந்தனம் பூசி, பசியோடு உள்ளே இருந்தது. வருவதாக எல்லாரும் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள், கூப்பிடும்வரை அசைவதில்லை என்றும் முடிவெடுத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் பசி தாங்காமல் பழஞ்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து "இன்னும் ஒண்டும் சாப்பிடல்ல" என்றார்கள். பத்தாவது வீட்டுக்குப் பிறகு இரத்தினம்மாவை இறக்க வேண்டியிருக்கவில்லை. லான்ட்மாஸ்டர் சத்தம் கேட்டதும் சனம் படலைக்கு வந்து நின்றது. ஆனால் படலையைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. "வாங்க" என்று அவர்களைப் பார்த்து, முறை சொல்லிச் சொன்ன பிறகுதான் காலை வெளியில் எடுத்தார்கள். இரத்தினம்மாவின் குரல் கட்டிக்கொண்டு வந்தபோது கஜானி சொல்லத் தொடங்கினாள். மாமி வாங்க, சித்தப்பா வாங்க, அக்கா புள்ளையையும் தூக்கிக்கொண்டு வாங்க. தொண்ணூற்றாறு வீட்டிலும் யார் தனக்கு என்ன முறை என்று அவள் நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். பைலில் இவர்கள் எல்லாரும் இலக்கமாக இருந்தார்கள்.

ஒரு மணிக்கு லான்ட்மாஸ்டர் திரும்பியபோது அதற்குப் பின்னால் ஊரே நடந்து வந்தது. நானூறு பேர் தேறும். ஜெயரூபன் சேர் கதிரையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். கஜானிக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் சோற்று அண்டா ஞாபகம் வந்தது. சமையலுக்கு அவள் கொடுத்திருந்த கணக்கு நூறு பேருக்கு! இரத்தினம்மாவின் காதில் போய்க் கிசுகிசுத்தாள்.

"மாமி, சோறு காணாது. நான் நூறு பேருக்குத்தான் எழுதினன்."

"நீ எழுதினதுக்கு ஆர் சமைச்ச? சமையல்காரன் வந்து கடதாசியக் காட்டினான். நான் அத அடுப்புக்குள்ள வெச்சிட்டு நாலு மூடை அரிசி எடுத்துக் குடுத்தன்."

பந்தி பந்தியாக நடந்தது. மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி எழும்பியது. கஜானி இலை எடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், குழந்தை தூக்கினாள், பருப்புக்கு உப்பு போதாதென்று சொன்னவரைச் சமாதானப்படுத்தினாள். கழுத்துப் பேனா எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை. ஜெயரூபன் சேரையும் அவளே போய் எழுப்பிக் கை கழுவ வைத்துப் பந்தியில் இருத்தினாள். அவர் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார், பாயாசம் குடித்தார். அதன் பிறகு ஈரக் கையைக் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டுத் தாளை எடுத்தார்.

பந்தல், தகைமை உண்டு. பரிமாறல், தகைமை உண்டு. நெருக்கடியைக் கையாளல், தகைமை உண்டு. இப்படியே ஆறு பகுதி. ஏழாவதில் பேனா நின்றது.

"பிள்ளை, விருந்தினரை அழைத்தல் எண்டு ஒண்டு இருக்கு. அத நான் என்னெண்டு எழுதுற? கூப்பிட்டது இந்த அம்மா. நீ கதிரையைப் பிடிச்சுக்கொண்டு போன."

அவர் சொன்னதில் பிழையில்லை. "இன்னும் இல்லை" என்று எழுதினார். மாத முடிவுக்குள் இன்னொரு விசேஷத்தில் அந்த ஒரு பகுதியை மட்டும் செய்து காட்டினால் மாற்றி எழுதலாம் என்றார். மாத முடிவுக்கு இருந்தது பதினெட்டு நாள். கஜானி அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். ஆறில் நின்று ஏழில் விழுவது எவ்வளவு பெரிய அநியாயம்! கணிதத்திலும் இரண்டு புள்ளியில்தான் விழுந்தவள் அவள்.

அழுகையைப் பார்த்து முதலில் எழும்பியது அருமைநாயகம்தான்.

"என்ன சேர், ஒரு விசேஷம்தானே வேணும்? எண்ட சின்னப் பேத்திக்குக் காதுகுத்தோணும். மாசக் கடைசிக்குள்ள நாள் பாப்பம். கூப்பிடுற வேலை முழுக்க இவள்தான். ஆனா மகள், போனத் தொட்டியோ..."

"தொடமாட்டன் பெரியப்பா."

"சேரும் வரோணும்."

"நான் எப்படியும் வரத்தான் வேணும். மதிப்பீடு எண்ட கடமைதானே" என்றார் ஜெயரூபன் சேர். சொல்லிவிட்டு ஒரு கணம் தயங்கினாற்போல் நின்று, பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

கஜானி அந்தத் தயக்கத்தைப் பார்த்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு முன்பு என்றால் பார்த்திருக்க மாட்டாள். காதுகுத்துக்கு நாள் குறித்ததும் யார் யாரை முதலில் கூப்பிடுவது என்று பெரியப்பாவிடம் கேட்டு வரிசையாக எழுதினாள். தாய்மாமன், பிறகு மூத்தவர்கள், பிறகு மற்றவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே தானாக ஒரு பெயரைச் சேர்த்தாள்.

"இவருக்குத் தெரியுந்தானே? வருவன் எண்டு சொன்னவரே" என்றார் அருமைநாயகம்.

"கடமைக்கு வாறன் எண்டுதான் சொன்னவர் பெரியப்பா. நாம இன்னும் கூப்பிடல்ல."

அருமைநாயகம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். மறு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில், அருமைநாயகமும் மனைவியும் பட்டு உடுத்து, துணியில் சுற்றிய வட்டாவைக் கஜானி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் ஆடி ஆடி மட்டக்களப்புக்குப் போய் இறங்கினார்கள். முச்சக்கரவண்டி பிடித்து வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது ஜெயரூபன் சேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். சேட்டு போட்டுக்கொண்டு வந்தபோது பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது.

கஜானி துணியை அவிழ்த்து வட்டாவை எடுத்தாள். வெற்றிலையின் காம்பு தன் பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள். பெரியப்பாவிடமும் பெரியம்மாவிடமும் கொடுத்துச் சேருக்கும் அவர் மனைவிக்கும் முன்னால் நீட்ட வைத்தாள். பிறகு தானும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சேர், பெரியப்பாட பேத்திக்குக் காதுகுத்து. வாற புதன்கிழமை. மாமியையும் புள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க."

வாங்க என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் ஒரு சொல் தொண்டை வரை வந்தது. இரண்டு வருஷப் பழக்கம் அது. கஜானி நாக்கைக் கடித்து அதை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஜெயரூபன் சேர் வெற்றிலையை எடுத்தார். இத்தனை வருஷம் எத்தனையோ நிகழ்வுகளுக்கு அட்டையும் பேனாவுமாகப் போய் மூலையில் அமர்ந்தவர். அவர் வீட்டுப் படியேறி ஒரு மாணவி வட்டா நீட்டியது இதுதான் முதல் தடவை என்று அவர் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பைலைக் கொண்டுவந்தார். ஏழாவது பகுதியில் "இன்னும் இல்லை" என்றிருந்ததைக் கோடு போட்டு வெட்டி, "தகைமை உண்டு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"சேர், காதுகுத்து இன்னும் நடக்கல்லையே" என்றாள் கஜானி.

"காதுகுத்த நான் ஏன் பாக்கோணும்? கூப்பிடுறதத்தானே பாக்கச் சொல்லியிருக்கு. பாத்திட்டன்."

கஜானி வட்டாவைத் திரும்பவும் துணியில் சுற்றத் தொடங்கினாள். அப்போது சேரின் மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து, சேட்டுப் பொத்தானைச் சரியாக மாட்டும்படி கணவருக்குக் கண்ணால் காட்டிவிட்டு, கஜானியைப் பார்த்துச் சொன்னார்.

"நாங்க ஐஞ்சு பேரும் வருவம் புள்ள. அவர்ட அம்மாவும் வருவா. மொத்தம் ஆறு."

தொண்ணூற்றாறு வீட்டில் இரண்டு தரம் கேட்டும் கிடைக்காத பதில்.

"வாங்க மாமி" என்றாள் கஜானி.